நடை இயந்திரம் நின்றுவிட்டதா? பழுதென்று ஒதுக்கும் முன் பாருங்கள்

நம் வீடுகளிலே ஒரு காலத்தில் தையல் மெஷின் இருந்த மூலையில் இன்று வேறோர் இயந்திரம் வந்து இடம் பிடித்திருக்கிறது. ட்ரெட்மில் என்று எல்லோரும் சொல்லும் நடை இயந்திரம்தான் அது. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல், முழங்கால் வலி என்று வைத்தியரிடம் போனால், அவர் மருந்துத் துண்டை எழுதுவதற்கு முன்னரே "தினமும் நடக்கிறீர்களா?" என்றுதான் கேட்கிறார். வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் வீதம் வாரத்தில் ஐந்து நாட்கள் நடந்தால் அந்தக் கணக்கு நிறைந்துவிடும்.

ஆனால் எங்கே நடப்பது? கொழும்பிலே இருப்பவர்களுக்குக் காலிமுகத்திடலும் சுதந்திர சதுக்கமும் இருக்கின்றன. ஒழுங்கையும் சந்தியுமாக நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் ஒரு பெண் தனியே அரை மணித்தியாலம் நடந்து வருவது இலகுவான காரியமல்ல. முச்சக்கர வண்டிகளின் நெரிசல் ஒரு பக்கம், தெரு நாய்கள் ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம், வீட்டிலே தனியே விட முடியாத சின்னப் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இத்தனையையும் யோசித்துத்தான் சீட்டுப் பிடித்த காசிலும், வெளிநாட்டில் உழைக்கும் கணவன்மார் அனுப்பும் காசிலும் இந்த இயந்திரம் வீட்டுக்கு வருகிறது.

முதல் மூன்று மாதம் வீட்டார் எல்லோரும் முறை வைத்து நடப்பார்கள். ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் அதன் கைப்பிடியிலே துவைத்த உடுப்புகள் காய்ந்துகொண்டிருக்கும். ஏனென்று கேட்டால், "மெஷின் பழுது" என்று பதில் வரும். ஆளில்லாத வீட்டுக்குத் திருத்துநரைக் கூப்பிட விருப்பமில்லாமல் நானா வரட்டும், கணவர் லீவில் வரட்டும் என்று மாதக்கணக்கில் மூடி வைத்திருப்பவர்களும் உண்டு. அந்த மாதங்களில் உம்மாவின் நடை நின்றுவிடுகிறது. சீனி ஏறுகிறது. இழப்பு இயந்திரத்துக்கு மட்டுமல்ல.

உண்மையில் "பழுது" என்று சொல்லப்படும் பல கோளாறுகள் பழுதே அல்ல. ஒரு துளி ஒயில், ஒரு ஆணியின் கால் சுற்று, ஒரு தூசு துடைப்பு, இவ்வளவுதான் பல வேளைகளில் தேவைப்படுவது. பெண்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியவை எவை, கட்டாயம் தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டியவை எவை என்பதை இங்கே பார்ப்போம்.

சிறையிலிருந்து வீட்டுக்கு

இந்த இயந்திரத்தின் பூர்வீகம் வேடிக்கையானது. 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கைதிகளை வேலை வாங்குவதற்காக ஒரு பெரிய மிதிசக்கரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தின் சிறைகளிலே கைதிகள் மணிக்கணக்காக அதிலே ஏறி மிதித்துக்கொண்டிருந்தார்கள். 1898ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டத்தின் பின்னர்தான் அந்தத் தண்டனை கைவிடப்பட்டது.

பிறகு அது வைத்தியத்துக்குப் பயன்பட்டது. அமெரிக்க இதய வைத்தியர் றொபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறைப்படிதான் இன்றும் பல வைத்தியசாலைகளில் நோயாளியை நடக்க விட்டு இதயத்தைப் பரிசோதிக்கிறார்கள். கென்னத் கூப்பர் என்ற வைத்தியர் 1968இல் எழுதிய உடற்பயிற்சி நூலை வாசித்த வில்லியம் ஸ்டோப் என்ற பொறியியலாளர், சாதாரண வீடுகளுக்கு ஏற்ற மலிவான நடை இயந்திரம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார். தண்டனைக்காகப் பிறந்த சாதனம் இன்று சுகத்துக்காக நம் வீட்டில் நிற்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

பழுதைப் புரிந்துகொள்ள அதன் உறுப்புகளைத் தெரிந்திருந்தால் போதும். நாம் கால் வைத்து நடப்பது பெல்ட். அதன் கீழே வழவழப்பான ஒரு பலகை. பெல்ட் முன்னாலும் பின்னாலும் உள்ள இரண்டு உருளைகளைச் சுற்றி ஓடுகிறது. முன்பக்கத்து மூடிக்குள்ளே மோட்டர் இருக்கிறது. மோட்டரிலிருந்து முன் உருளைக்கு இன்னொரு சிறிய பெல்ட் போகிறது. மோட்டருக்குப் பக்கத்திலே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தட்டு ஒன்றும், வேகத்தை அளக்கும் சிறு உணரி ஒன்றும் இருக்கும். மேலே வேகமும் நேரமும் தெரியும் திரை. அந்தத் திரையருகே சிவப்புக் கயிற்றோடு தொங்குவது பாதுகாப்புச் சாவி.

ஒருவர் பெல்ட்டில் ஏறி நிற்கும்போது அவருடைய முழுப் பாரமும் பெல்ட்டைப் பலகையோடு அழுத்துகிறது. அழுத்தப்பட்ட பெல்ட்டை மோட்டர் இழுத்தாக வேண்டும். பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே வழுவழுப்பு இருந்தால் மோட்டர் இலகுவாக இழுக்கும். அது காய்ந்துவிட்டால் மோட்டர் திணறும், கூடுதல் மின்சாரத்தை இழுக்கும், சூடாகும். கடைசியில் மோட்டரோ மின்தட்டோ கருகிப் போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பராமரிப்பில் பாதி விளங்கியதாகிவிடும்.

இயந்திரம் உயிர் பெறவே இல்லையா?

சுவிட்சைப் போட்டும் திரையிலே வெளிச்சம் வரவில்லை என்றால் பதற வேண்டாம். பின்வரும் ஒழுங்கிலே பாருங்கள்.

முதலாவது, பாதுகாப்புச் சாவி சரியான இடத்தில் பொருந்தியிருக்கிறதா? பிள்ளைகள் அதை விளையாட்டாகக் கழற்றியிருப்பார்கள். சாவி இல்லாவிட்டால் பெல்ட் ஓடாது. சில இயந்திரங்களில் திரையும் வேலை செய்யாது.

இரண்டாவது, பிளக் பொயின்டில் மின்சாரம் இருக்கிறதா? அதிலே வேறொரு சாமானைப் போட்டுப் பாருங்கள். சதுர முனை பிளக் என்றால் அதற்குள்ளே ஒரு பியூஸ் இருக்கும். அது போயிருந்தால் அதே அளவுள்ள புதியது ஒன்றைப் போட வேண்டும். பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது வீட்டையே எரித்துவிடும்.

மூன்றாவது, இயந்திரத்தின் முன்பக்கத்தில், வயர் உள்ளே போகும் இடத்துக்கு அருகில் ஒரு சுவிட்சும் ஒரு சிறிய பொத்தானும் இருக்கும். பாரம் கூடினால் அந்தப் பொத்தான் தானே வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சிறிது நேரம் ஆறவிட்டு அதை உள்ளே அமர்த்தினால் இயந்திரம் மீண்டும் வேலை செய்யும். ஆனால் அது அடிக்கடி வெளியே வந்தால் பெல்ட் காய்ந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பொத்தானைத் திரும்பத் திரும்ப அமர்த்துவது பரிகாரமாகாது.

மின்சாரத்தைப் பற்றி இன்னும் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும். இந்த இயந்திரத்தைப் பழைய 5 அம்பியர் பொயின்டில் போடக் கூடாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரிலும், பிரிட்ஜும் இஸ்திரிக்கைப் பெட்டியும் கூடவே மாட்டிய பொயின்டிலும் போடக் கூடாது. சுவரிலுள்ள தனியான பொயின்ட்தான் அதற்கு ஏற்றது. எர்த் வயர் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தைத் தொடும்போது கையிலே கரண்ட் அடிப்பதுபோல் உணர்ந்தால் அதைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இயந்திரத்தைப் போட்டவுடன் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேராக இணைப்புக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் இடம்கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வரும் இயந்திரங்களின் அடியிலே ஒட்டியிருக்கும் சீட்டை வாசித்துப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். சீட்டிலே 110, 120 அல்லது 127 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நேரடியாகப் பொயின்டில் போட்ட உடனேயே மின்தட்டு கருகிவிடும். அமெரிக்காவிலிருந்தும் சவூதியின் பழைய வீடுகளிலிருந்தும் வரும் சாமான்களில் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

மின்வெட்டும் இடிமின்னலும் இன்னொரு பிரச்சினை. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வரும் கணத்தில் அதன் அளவு ஏறி இறங்கும். இந்த இயந்திரத்தின் மின்தட்டு அதைத் தாங்காது. ஆகவே நடந்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்துவதோடு நின்றுவிடாமல் பிளக்கையும் கழற்றி வையுங்கள். ஏப்ரல் மாதத்திலும், ஒக்டோபர் நவம்பர் மாதங்களிலும் மாலையில் இடி முழங்கும் நாட்களில் இது மிக அவசியம்.

ஒயில் போடும் முறை

பெல்ட் காய்ந்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தை உயர்த்தி, நாம் கால் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே பலகையிலே விரலை ஓட்டிப் பாருங்கள். விரலில் மெல்லிய வழுவழுப்புப் பட்டால் போதும். வறட்சியாக இருந்தால், அல்லது கறுப்புத் தூசு ஒட்டினால் ஒயில் தேவை.

இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். வீட்டிலே தையல் மெஷின் ஒயில் இருக்கிறது, தேங்காய் எண்ணெய் இருக்கிறது, கறல் கழற்றும் ஸ்பிரே இருக்கிறது என்று அவற்றை ஊற்றிவிடுகிறார்கள். இவை எதுவும் ஆகாது. மெஷின் ஒயிலும் ஸ்பிரேயும் பெல்ட்டின் அடித்துணியையும் ஒட்டுப் பசையையும் கெடுத்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ட்ரெட்மில்லுக்கென்றே விற்கப்படும் சுத்தமான சிலிக்கோன் ஒயில்தான் தேவை. சிறிய போத்தல் ஒன்று நீண்ட காலத்துக்குப் போதும். ஆனால் சில இயந்திரங்களின் பலகைக்குத் தொழிற்சாலையிலேயே மெழுகு பூசியிருப்பார்கள். அவற்றுக்கு ஒயில் போட வேண்டாம் என்று கைநூலில் எழுதியிருக்கும். எனவே கைநூலை ஒருமுறை வாசித்துவிட்டே தொடங்குங்கள்.

பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்த மெல்லிய துணியொன்றைப் பெல்ட்டின் ஒரு பக்கத்தால் உள்ளே நுழைத்து மறுபக்கத்தால் எடுத்து, இரு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பலகையைத் துடையுங்கள். பிறகு பெல்ட்டின் ஒரு ஓரத்தை உயர்த்தி, போத்தலின் மூக்கைப் பலகையின் நடுப்பகுதிவரை நீட்டி, கால் படும் நீளத்துக்குக் கோடு போடுவதுபோல் ஒயிலை விடுங்கள். மறுபக்கமும் அவ்வாறே. எவ்வளவு என்பதைக் கைநூல் சொல்லும். பல இயந்திரங்களுக்குப் பக்கத்துக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. கூடுதலாக ஊற்றினால் பெல்ட் உருளையிலே வழுக்கும்.

பின்னர் பிளக்கைப் போட்டு, யாரும் ஏறாமல் மெதுவான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட விட்டு, அடுத்து நீங்களே ஏறி மெதுவாக நடந்து ஒயிலைப் பரவ விடுங்கள். மேற்பக்கத்திலே ஒரு துளி ஒயில் சிந்தியிருந்தாலும் ஏறுவதற்கு முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள், கால் வழுக்கும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஒயில் போடுவது என்பது பாவனையைப் பொறுத்தது. நாலைந்து பேர் தினமும் நடக்கும் வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கொரு தடவை தேவைப்படலாம். கல்முனை, காத்தான்குடி, பேருவளை, புத்தளம் போன்ற கரையோர ஊர்களில் மணலும் உப்புக் காற்றும் இருப்பதால் மாதமொரு முறை விரலால் தடவிப் பார்ப்பது நல்லது.

பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கினால்

ஓடும்போது பெல்ட் வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுங்கி ஓரத்தில் உரசுவது இன்னொரு பொதுவான முறைப்பாடு. இதைக் கவனியாமல் விட்டால் பெல்ட்டின் ஓரம் நாராகக் கிழிந்துவிடும். இயந்திரம் சமமான தரையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வீடுகளின் சீமெந்துத் தரை ஏற்ற இறக்கமாக இருக்கும். தரை சரி என்றால் பின் உருளையைத் திருத்த வேண்டும்.

இயந்திரத்தின் பின்முனையில் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆணி இருக்கும். இயந்திரத்தோடு தந்த வளைந்த அலன் கீயால் அதைத் திருப்பலாம். யாரும் ஏறாமல் மெதுவான வேகத்தில் பெல்ட்டை ஓட விட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று அவதானியுங்கள். பிறகு நிறுத்திவிட்டு, ஒதுங்கும் பக்கத்து ஆணியை மணிக்கூட்டு முள் சுழலும் திசையில் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்க ஆணி, இடப்பக்கம் ஒதுங்கினால் இடப்பக்க ஆணி. எந்தப் பக்கத்தை இறுக்குகிறோமோ அந்தப் பக்கத்திலிருந்து பெல்ட் விலகிப் போகும். மீண்டும் ஓட விட்டு ஓரிரு நிமிடம் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருப்பினால் பெல்ட் மறுபக்கம் பாய்ந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது உருளைக்குப் பக்கத்திலே விரலோ, தொங்கும் சால்வையோ, கைத்துணியோ போகக் கூடாது.

நடக்கும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கி நின்று ஓடுகிறதா? இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். காதைக் கொடுத்துக் கேளுங்கள். பெல்ட் நிற்கும் அதே வேளை மோட்டரின் சத்தமும் தாழ்ந்து திணறினால், அது காய்ந்த பெல்ட்டின் உராய்வு. ஒயில்தான் மருந்து. மோட்டர் வழமைபோல் ஓட, பெல்ட் மட்டும் வழுக்கினால், அது தளர்ந்திருக்கிறது. அப்போது இரண்டு ஆணிகளையும் ஒரே அளவில் கால் சுற்று இறுக்குங்கள். ஆகவே எப்போதும் முதலில் ஒயில், அதன் பிறகே இறுக்கம். காய்ந்த பெல்ட்டைத் தளர்ந்தது என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போனால் உருளையின் பெயாரிங்கும் மோட்டரும் சேர்ந்து கெடும்.

பெல்ட் அளவான இறுக்கத்தில் இருக்கிறதா என்று அறிய, பிளக்கைக் கழற்றிவிட்டு நடுப்பகுதியில் பெல்ட்டின் ஓரத்தைக் கையால் உயர்த்துங்கள். பொதுவாக இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்தால் சரி. இரண்டு மூன்று தடவை கால் சுற்று இறுக்கியும் வழுக்கல் தீராவிட்டால் உள்ளே உள்ள மோட்டர் பெல்ட்டில் குறை இருக்கலாம். அது திருத்துநரின் வேலை.

சத்தம், மணம், எழுத்து

சத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. ஒரே சீராக "டொக், டொக்" என்று கேட்டால் பெல்ட்டின் பொருத்து உருளையிலே படும் சத்தமாக இருக்கலாம். பல நாள் மடித்து வைத்த இயந்திரத்தில் இது இருக்கும், சில நாட்களில் குறைந்துவிடும். சட்டம் முழுவதும் ஆடி அதிர்ந்தால் தளர்ந்த ஆணிகளை இறுக்குங்கள். "கிரீச்" என்று இரைந்தால் உருளைப் பெயாரிங். அதற்கு ஆள் வேண்டும்.

கருகல் மணம் வந்தால் உடனே நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். றப்பர் மணம் என்றால் உராய்வு. வயர் கருகும் மணம் என்றால் மோட்டர் அல்லது மின்தட்டு. முதலாவதற்கு ஒயில் போட்டுப் பார்க்கலாம். இரண்டாவதற்குப் பிளக்கைத் திரும்பப் போடவே கூடாது. ஓடும் வேகம் தானாகக் கூடிக் குறைந்தால், அல்லது மோட்டருக்குள் நெருப்புப் பொறி தெரிந்தால், மோட்டரின் கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கக்கூடும். முழு மோட்டரையும் மாற்றாமல் அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றலாம் என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

திரையிலே ஏதோ ஓர் எழுத்தும் இலக்கமும் தோன்றி இயந்திரம் நின்றுவிடுவதும் உண்டு. அதன் பொருள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். கைநூலின் கடைசிப் பக்கங்களில் அந்த அட்டவணை இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். அப்படியும் அது தோன்றினால் அந்த எழுத்தைக் குறித்து வைத்துக்கொண்டு திருத்துநரிடம் சொல்லுங்கள். அவருடைய நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

மோட்டர் மூடிக்குள் சேரும் தூசு இன்னொரு எதிரி. நம் நாட்டிலே பல்லியும் எறும்பும்கூட அதற்குள்ளே குடியேறிவிடும். ஆறு மாதத்துக்கொரு தடவை பிளக்கைக் கழற்றி, மின்தட்டிலே தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்து, மூடியின் ஆணிகளைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் அல்லது தூசு உறிஞ்சும் மெஷினால் மெதுவாகத் தூசியை எடுங்கள். ஈரத்துணி வேண்டாம். வயர்களையும் மின்தட்டையும் விரலால் தொட வேண்டாம். மூடியைப் போட்ட பிறகே பிளக்கைப் போடுங்கள்.

திருத்துநர் வரும்போது

தொழில் தெரிந்த நேர்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் வந்தவுடன் மூடியையும் திறவாமல் "மோட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்பவர்களும் உண்டு. அப்போது அமைதியாகச் சில கேள்விகளைக் கேளுங்கள். பெல்ட்டுக்கு ஒயில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இயந்திரம் ஓடும்போது எத்தனை அம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீற்றரால் அளந்தீர்களா? கார்பன் துண்டுகள் எப்படி இருக்கின்றன? இந்த மூன்றையும் கேட்டாலே, கேட்பவருக்கு விஷயம் தெரியும் என்று அவர் புரிந்துகொள்வார். மாற்றிய உறுப்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கூலியையும் சாமான் விலையையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பிள்ளைகள், உடுப்புகள்

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தோடு சம்பந்தப்பட்டவை. இனிச் சொல்வது உயிரோடு சம்பந்தப்பட்டது.

அமெரிக்காவிலே பெலோட்டன் என்ற கம்பனி தனது ட்ரெட் பிளஸ் என்ற இயந்திரங்கள் சுமார் 125,000ஐ 2021ஆம் ஆண்டு மே மாதம் திரும்பப் பெற்றது. ஆறு வயதுப் பிள்ளையொன்று அந்த இயந்திரத்தின் பின்பக்கத்தால் உள்ளே இழுக்கப்பட்டு இறந்திருந்தது. அதுபோன்று ஆட்களும் பிள்ளைகளும் செல்லப்பிராணிகளும் சாமான்களும் இழுக்கப்பட்ட 70க்கும் மேற்பட்ட சம்பவங்கள் முறைப்பாடாக வந்திருந்தன. ஓடும் பெல்ட் பின் உருளையைச் சுற்றித் திரும்பும் இடம்தான் ஆபத்தானது. சின்னப் பிள்ளையின் கை அதிலே பட்டால் தோல் உரிந்துவிடும், விரல் சிக்கிவிடும். கைப்பிடியில் தொங்கும் கயிறும் பிள்ளையின் கழுத்தைச் சுற்றக்கூடியது.

ஆகவே உம்மா நடக்கும்போது பிள்ளை அந்த அறையிலே இருக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அல்லது பிள்ளையை உம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். நடந்து முடிந்ததும் பிளக்கையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டும் செய்ய ஒரு நிமிடம் ஆகாது. இயந்திரத்தின் பின்னால் இரண்டு மீற்றர் வெற்றிடம் இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் தடுக்கி விழுபவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் இடையே அகப்பட்டுக்கொள்வார்.

பாதுகாப்புச் சாவியின் கயிற்று நுனியில் ஒரு கிளிப் இருப்பது அலங்காரத்துக்கல்ல. நடக்கத் தொடங்கும் முன் அதை உடுப்பிலே மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தால் சாவி கழன்று பெல்ட் நின்றுவிடும். வீட்டுக்குள் நடப்பதால் அபாயாவோ நீண்ட சால்வையோ தேவையில்லை. தரையைத் தொடும் எந்த உடுப்பும், தொங்கும் முந்தானையும், நீளமான பாவாடையும் பெல்ட்டோடு சுற்றக்கூடியவை. கணுக்காலுக்கு மேலே நிற்கும் சல்வாரும் அளவான சப்பாத்தும் போதும். வெறுங்காலோடும் செருப்போடும் ஏற வேண்டாம்.

ஏறும் முறையும் இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும். பெல்ட்டிலே நின்றுகொண்டு சுவிட்சைப் போடக் கூடாது. இரு பக்கத்து ஓரப்பலகையில் கால் வைத்து நின்று, ஆகக் குறைந்த வேகத்தில் ஓட விட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பெல்ட்டுக்கு இறங்குங்கள். பாரம் கூடியவர்கள் மிகமிக மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் நடந்தால் மோட்டர் கூடுதலாகச் சூடாகும். இயந்திரம் எத்தனை கிலோ தாங்கும், தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்பவை கைநூலிலே இருக்கும். ஒருவர் பின் ஒருவராக நடக்கும் வீட்டில் இடையிடையே பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். இதய நோய் உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சு வலி வருபவர்களும் வைத்தியரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

ஞாபகக் குறிப்பு

கீழ்க்காணும் குறிப்பை வெட்டி இயந்திரத்துக்கு அருகில் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு நாளும்: நடந்த பின் வியர்வை பட்ட கைப்பிடியையும் திரையையும் உலர்ந்த துணியால் துடைத்தல். பிளக்கையும் சாவியையும் கழற்றுதல்.

வாரமொரு முறை: பெல்ட்டின் மேற்பக்கத்தையும் ஓரப்பலகையையும் துடைத்தல். இயந்திரத்தைச் சற்று நகர்த்தி அடித்தரையைக் கூட்டுதல். யாரும் நடக்காத வாரத்தில்கூட ஐந்து நிமிடம் வெறுமனே ஓட விடுதல்.

மாதமொரு முறை: பலகையின் வழுவழுப்பைத் தடவிப் பார்த்தல். பெல்ட் நடுவிலே ஓடுகிறதா என்று பார்த்தல். ஆணிகளை இறுக்குதல். பிளக்கும் வயரும் சூடாகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தல்.

ஆறு மாதத்துக்கொரு முறை: மோட்டர் மூடிக்குள் தூசு எடுத்தல்.

இயந்திரத்தை மழைச் சாரல் படும் விறாந்தையிலும் குசினிக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். கம்பளத்தின் மேல் நேரே வைத்தால் அதன் பஞ்சு மோட்டருக்குள் போகும். றப்பர் விரிப்பு ஒன்றை இடுங்கள். மூடுவதற்குப் பருத்தித் துணியே நல்லது. பொலித்தீன் ஈரத்தை உள்ளே அடைத்துக் கறல் பிடிக்க வைக்கும். நோன்பு மாதத்தில் பாவிக்காமல் மூடி வைத்திருந்தவர்கள் பெருநாள் கழிந்து மீண்டும் தொடங்கும் முன் மாதாந்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துவிட்டு ஏறுங்கள்.

குசினி அடுப்பையும் தையல் மெஷினையும் பல வருடம் பழுதாகாமல் காத்துவரும் கைகளுக்கு இது பெரிய வேலையே அல்ல. கைப்பிடியிலே காயும் உடுப்புகளை இன்றைக்கே எடுத்துக் கொடியிலே போடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தை உயர்த்தி விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். நாளைக் காலை உம்மா மீண்டும் நடக்கத் தொடங்க அது போதுமாக இருக்கலாம்.